மஸ்டரில் சேராதவர்கள்

தம்பிமார்களுக்கு,

நான் வேலையை விட்ட அன்று தேயிலை ஸ்டோர் மாடியில் எனக்குத் தேத்தண்ணி வைத்து, "நாலு வார்த்தை பேசுங்க கங்காணி" என்று கேட்டீர்கள். நான் எழுந்து, "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "நாலு கேட்டா மூணு குடுக்கிறாரு, ஒண்ணு பாக்கி" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. கூட்டத்துக்கு முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது ஊரறிந்த விஷயம். அந்தப் பாக்கியைத்தான் இப்போது எழுதுகிறேன். புதிதாகக் கங்காணி வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் படித்துக்கொள்ளுங்கள்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவன் நான். எனக்குத் தெரிந்த இங்கிலீசு முழுவதும் துரைமார் வாயிலிருந்து விழுந்தது. அதில் பாதி, ஆளையோ சாமானையோ ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கச் சொல்கிற வார்த்தைகள். நாம் 'சேர்' என்போம், 'கூட்டு' என்போம், அதற்குமேல் அதிகம் யோசிக்க மாட்டோம். அவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி வார்த்தை.

மஸ்டர் என்றால் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் செக்ரோல் என்கிற பெயர்ப் புத்தகத்தில் உள்ளவர்களை வரிசையில் நிறுத்துவது. செக்ரோலில் பெயர் இல்லாதவனுக்கு அங்கே வேலை இல்லை. கலெக்ட் என்றால் மலையில் அங்கங்கே இறைந்து கிடப்பதை வாங்கி வருவது, கொழுந்தோ கூடையோ கத்தியோ. அசெம்பிள் என்றால் ஸ்டோரில் கழற்றிப்போட்ட, கொழுந்து உருட்டுகிற ரோலரைத் திரும்பப் பூட்டுவது. ஒவ்வொரு துண்டுக்கும் அதனதன் இடம் உண்டு. கொழும்பிலிருந்து பெரிய துரை பார்வைக்கு வந்தால் எங்களையும் அப்படித்தான் அசெம்பிள் பண்ணுவார்கள். கணக்கப்பிள்ளை இந்தப் பக்கம், கங்காணிமார் அந்தப் பக்கம், தலைப்பாகை அவிழக்கூடாது.

ரவுண்ட் அப் என்று ஒன்று இருக்கிறது. விரட்டி வளைத்துச் சேர்ப்பது. அது மாட்டுக்கும், தீபாவளிக்கு மறுநாள் வேலைக்கு வராமல் லயத்து வரிசை வீடுகளில் படுத்திருப்பவர்களுக்கும். நான் கங்காணியான முதல் தீபாவளிக்கு மறுநாள் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. இருமினேன். ஒரு அக்கா எட்டிப் பார்த்து, "என்னாங்க கங்காணி, நெஞ்சு சளியா? கசாயம் போட்டுத் தரவா?" என்றார். கசாயத்தைக் குடித்துவிட்டுத் தனியாகப் பெரட்டுக்களத்துக்குத் திரும்பினேன். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டக்கையா என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார்.

இந்த வார்த்தைகளை நீங்களும் தினமும் கேட்பீர்கள். அர்த்தம் கேட்டால் கிளாக்கர் ஐயா சொல்லிவிடுவார். அவர் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். சேர்க்கிற வார்த்தை எதுவானாலும் அதற்குள் சிலர் வருவார்கள், சிலர் வெளியே நிற்பார்கள். வெளியே நிற்பவர்கள் யார் என்று பார்ப்பது நம் வேலை. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ஆடி மாதத்து மழையில்.

மேல் லயத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது கீரைப்பாத்தி போட்டிருக்கிறீர்களே, அந்த இடம்தான். மண்மேட்டைச் செதுக்கி அதன் அடியில் கட்டிய லயம் அது. இடது கோடியிலிருந்து ஒரு பாதை மேட்டின் அடியை ஒட்டியே வளைந்து பெரட்டுக்களத்துக்குப் போகும். வலது கோடியிலிருந்து இன்னொரு பாதை கோயிலடிக்குப் போகும். கோயிலுக்கு முன்னால் கரும்பாறையின் மேல் ஒரு பொட்டல். மாசி மாதத்தில் மன்மதனுக்குக் கம்பு நட்டு, காமன் ஊன்றிக் கூத்து நடத்தி, கடைசியில் எரிப்பது அங்கேதான். இடது கோடிக் காம்பராவில் நான் குடியிருந்தேன். என் மனைவி மாரியாயி எங்கள் முதல் பிள்ளையைப் பெற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. தீட்டுக் கழியாததால் அவள் வாசல்படி தாண்டக் கூடாது. நானும் கதவோரம் நின்று பிள்ளையைப் பார்த்ததோடு சரி. உள்ளே எப்போதும் பெண்கள் இருப்பார்கள். நான் எப்படி உள்ளே போவது?

நாட்கணக்கில் மழை. அன்று காலையில் மலையில் நிற்கவே முடியாமல் எல்லோரையும் அரைப்பேர் போட்டு, அரைநாள் கூலியோடு லயத்துக்கு அனுப்பிவிட்டோம். மத்தியானம் நான் தனியாக மேட்டுக்கு மேலே இருக்கிற வடிகால் கானைப் பார்க்கப் போனேன். மழைத்தண்ணீர் கானில் நிறைந்து ஓடி வந்தது. ஓடி வந்த தண்ணீர் ஓரிடத்தில் காணாமல் போனது. குனிந்து பார்த்தேன். தரையில் கை நுழைகிற அகலத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. கானில் வந்த தண்ணீரையெல்லாம் அது குடித்துக்கொண்டிருந்தது. கீழே இறங்கி லயத்தின் பின்புறம் போனேன். ஒருநாளும் ஊற்று இல்லாத இடத்தில் மேட்டின் வயிற்றிலிருந்து செந்தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

பெரட்டுக்களத்துக்கு ஓடினேன். கண்டக்கையா என் முகத்தைப் பார்த்ததுமே டெலிபோனைக் கையில் எடுத்துவிட்டார். பங்களாவில் இருந்த துரை சொன்ன பதில் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "மஸ்டர் தெம். அட் ஒன்ஸ்."

"பெரட்டுத் தப்பு அடிக்கச் சொல்லு. எல்லாம் இங்க வரட்டும். பேர் கூப்பிட்டுப் பாத்துருவோம்" என்றார் கண்டக்கையா. அந்த உத்தரவில் பிழை ஒன்றும் இல்லை. துரை இருந்த இடத்திலிருந்து பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இருவரும் லயத்துக்கு ஏறினோம். கண்டக்கையாவுக்குப் பொறுமை இல்லை. குடையை ஆட்டிக்கொண்டு, "மேடு சரியப்போகுது! வெளிய வாங்க, வெளிய வாங்க!" என்று கத்தினார். கதவுகள் திறந்தன. ஆனால் என்ன நடந்தது தெரியுமா? வெளியே வந்தவர்கள் உள்ளே போனார்கள். ஒருவர் தகரப் பெட்டியை இழுத்தார். அதற்குள்தான் அவருடைய பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தது. இன்னொருவர் ஆட்டை அவிழ்த்து வாசலில் கட்டிவிட்டு அரிசிச் சாக்குக்காகத் திரும்பினார். ஒரு பெண் கூடையைக் கவிழ்த்துக் கோழி அமுக்கிக்கொண்டிருந்தாள். ஆளைச் சேர்க்கக் கத்தினால் அவர்கள் சாமானைச் சேர்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இருப்பதே அவ்வளவுதான், அதை விட்டுவிட்டு யார் வருவார்?

தப்பு மேளம் அடிக்கிற அண்ணன் வலது கோடிக் காம்பராவில் இருந்தார். அவரிடம் போகிற அந்தத் தூரத்துக்குள்தான் எனக்கு மற்றதும் உறைத்தது. பெரட்டுத் தப்பு கேட்டால் வேலைக்காரர்கள் வருவார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மேட்டின் அடியில் போகிற அந்தப் பாதையிலேயே வரிசையாக வருவார்கள். தினமும் செய்வதுபோல் பிள்ளைகளையும் கிழடுகளையும் லயத்திலேயே விட்டுவிட்டு வருவார்கள். நாம் பேர் கூப்பிடுவோம். ஒரு பேர் குறையாது. லயமும் காலியாகியிருக்காது.

அண்ணன் வாசலில் நின்றார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். எப்போதும் ஒரு கேலிப் பேச்சு அவர் வாயில் இருக்கும்.

"அண்ணே, பெரட்டுத் தப்பு வேணாம்" என்றேன்.

"பின்ன என்னா, சாவுத் தப்பா? இன்னும் யாரும் சாவலையே."

"காமன் தப்பு அடிங்க. பொட்டல்ல போய் நின்னு அடிங்க."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "கங்காணி, இது ஆடி மாசம். காமன் ஊனாம, மால போடாம அந்த அடிய எடுத்தா கை வெளங்குமா? எடுத்தா காமன எரிக்கிற வரைக்கும் முடிச்சாகணும். பாதியில விட முடியாதுங்க."

"முடிச்சிருவோம்."

"எங்க முடிப்பீங்க, இந்த மழையில?"

"அது அப்பறம். அண்ணே, மாசியில அந்த அடி கேட்டா இந்த லயத்துல யாரு மிச்சம் இருப்பா?"

அவர் மேட்டைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். "நாயிகூட மிச்சம் இருக்காது" என்றார். அடுப்புக்கு மேல் தொங்கிய தப்பை எடுத்துக் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் மாதிரி பொட்டலுக்கு ஓடினார்.

பிள்ளைக்காம்பரா ஆயம்மா அடுத்த வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பகலில் தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர் அவர். "நடக்க முடியாதவங்கள நீங்க பாத்துக்கிருங்க" என்றேன்.

"சரி. ஒங்க வீட்டுல சொல்லிட்டீங்களா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"இந்த நேரத்துலயுமா வெக்கம்? நீங்க போங்க. அவள நான் இழுத்துக்கிட்டு வாறேன்."

என் கால்கள் இடது கோடிக்குத்தான் போகப் பார்த்தன. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கங்காணி தன் காம்பராவுக்கு ஓடுவதைப் பார்த்தால் ஒவ்வொருவரும் தன் தன் காம்பராவுக்கு ஓடுவார்கள். கங்காணி எங்கே நிற்கிறாரோ அங்கேதான் சனத்தின் கண் இருக்கும். ஆகவே பொட்டலுக்குப் போய், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பாறை மேல் நின்றேன்.

தப்பு எழும்பியது. உங்களுக்கே தெரியும், அந்த அடி காதில் விழுந்தால் நம் ஆட்களுக்குச் சோறு இறங்காது. பெட்டியை இழுத்தவர் பெட்டியை விட்டார். கோழி பிடித்தவள் நிமிர்ந்தாள். பிறகு எல்லோருக்கும் முன்னால் வந்தவர்கள் கிழவர்கள். ஒரு வாரமாகக் கம்பளியை விட்டு வெளியே வராதவர்கள் அவர்கள். பயந்து வரவில்லை, சண்டைக்கு வந்தார்கள்.

"எவன்டா அவன், ஆடியில காமன் தப்பு அடிக்கிறவன்?"

"தோட்டத்துக்கே ஆகாதுடா! நிறுத்துடா!"

"கிட்ட வந்து சொல்லுங்க மாமா, மழையில கேக்கல!" என்று அண்ணன் கத்தினார். அடியை நிறுத்தவில்லை.

கிழவர்களுக்குப் பின்னால் பிள்ளைகள், மழையில் குதித்துக்கொண்டு வந்தன. பிள்ளைகளைப் பிடிக்கத் தாய்மார் வந்தார்கள். "யாருக்கு என்னா பைத்தியம்?" என்று பார்க்க ஆண்கள் வந்தார்கள். யார் கையிலும் ஒன்றும் இல்லை. கூத்துப் பார்க்க வருகிறவர் அரிசிச் சாக்கைத் தூக்கிக்கொண்டா வருவார்?

கண்டக்கையா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "மஸ்டர் தப்பு அடிக்கச் சொன்னா கூத்துத் தப்பு அடிக்கிறீங்களா? தொரைக்கு நான் என்னத்தச் சொல்றது?"

"ஐயா, அங்க பாருங்க" என்று லயத்தைக் காட்டினேன். திறந்த கதவுகளிலிருந்து இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் வலது பக்கமாக, பாறையை நோக்கி. பெரட்டுப் பாதையில் ஒருவர்கூட இல்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். தப்பின் தோல் ஈரத்தில் தொய்யத் தொடங்கியிருந்தது, சத்தம் மங்கியது. கண்டக்கையா போய்த் தன் குடையைத் தப்புக்கு மேல் பிடித்தார். துரையைத் தவிர யாருக்கும் குடை பிடிக்காதவர், மழையில் முழுக்க நனைந்துகொண்டு நின்றார்.

பெட்டிக்காரர் பாதி வழியில் நினைவு வந்து திரும்பப் பார்த்தார். "மன்மதன் வர்ற அடி இது. யாரும் குறுக்க திரும்பக் கூடாது!" என்று அண்ணன் அதட்டினார். அவர் அப்படியே நின்றார். மழையோ ஆடியோ, அந்த அடிக்குக் குறுக்கே போக அவருக்கு மனம் வரவில்லை.

என் கண் இடது கோடிக் கதவை விட்டு அகலவில்லை. அது மூடியே இருந்தது. காமன் தப்பு எல்லோரையும் இழுக்கும், தீட்டுக்காரியை இழுக்காது. அவளுக்கு அந்தப் பொட்டலில் இடமே இல்லை. அதை நான் யோசிக்காமல் இல்லை. யோசித்துத்தான் ஆயம்மாவிடம் விட்டேன். ஆனாலும் அந்தக் கதவு திறக்க எடுத்த நேரம் எனக்கு இன்றைக்கும் மறக்காது.

கதவு திறந்தது. ஆயம்மா, வழியில் கூட்டிக்கொண்ட கண் தெரியாத கிழவர் ஒருவரின் கையை ஒரு பக்கமும் மாரியாயியின் கையை மறுபக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மாரியாயி கம்பளியால் தலையோடு மூடி நெஞ்சில் பிள்ளையை அணைத்திருந்தாள். பாறை ஓரத்துக்கு வந்ததும் நின்றாள். நான் இருந்த பக்கம் பார்க்காமல், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி, "பச்ச ஒடம்புக்காரிய மழையில கூத்துப் பாக்கவா கூப்புட்டாரு ஒங்க கங்காணி?" என்று ஆயம்மாவிடம் கேட்டாள்.

ஒரு கிழவர் கையை நீட்டி மறித்தார். "தீட்டோட இங்க ஏறக் கூடாதும்மா."

அண்ணன் குச்சியை நிறுத்தாமலே சொன்னார். "ஆடியில காமனே வந்துட்டாரு மாமா. தீட்டு வந்தா என்னா?"

கிழவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வழிவிட்டார்.

அவள் பாறை மேல் கால் வைத்துக் கொஞ்ச நேரம் போயிருக்கும். முதலில் வந்தது சத்தம் இல்லை, ஒரு வாடை. புதுமண் வாடை. பிறகு மேடு அப்படியே முன்னால் நடந்து வந்த மாதிரி இருந்தது. தகரக் கூரைகள் மடங்கின. இடது கோடி முழுக்க மண்ணுக்குள் போனது. பெரட்டுக்குப் போகிற பாதை இருந்த இடத்தில் செம்மண்ணும் மரமும் கிடந்தன. நடுக் காம்பராக்கள் பாதி நின்றன, பாதி இல்லை. மழையும் தப்பும் மட்டும் கேட்டன. அண்ணன் முதுகைக் காட்டி நின்றதால் அவருக்கு இன்னும் தெரியாது, அடித்துக்கொண்டே இருந்தார். கண்டக்கையா அவர் தோளில் கை வைத்தார்.

பிறகு ஒரே நேரத்தில் அழுகையும் சிரிப்பும். "என் ஆடு! என் ஆடு போச்சே!" என்று ஒருவர் நெஞ்சில் அடித்துக்கொள்ள, அவர் பெண்சாதி, "நீங்க இருக்கீங்கல்ல, ஆடு ஒண்ணுதான கொறைச்சலு" என்றாள். அந்த அழுகையிலும் அவரைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெட்டிக்காரர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய பெட்டியைப் பிறகு தோண்டி எடுத்தோம். நசுங்கியிருந்தது, பத்திரம் நனையவில்லை.

எல்லோரையும் ஸ்டோருக்குக் கூட்டிப் போனோம். கொழுந்து வாட்டுகிற மாடியில் கீழிருந்து சூடு வரும். ஸ்டோரைப் பார்க்கிற டீமேக்கர் ஐயா தானே கதவைத் திறந்துவிட்டு, வாளியில் தேத்தண்ணி அனுப்பினார். கம்பளிகளிலிருந்து ஆவி எழுந்தது. பிள்ளைகள் தூங்கத் தொடங்கின. அண்ணன் மட்டும் உட்காரவில்லை. "எடுத்த அடிய முடிக்கணும் கங்காணி. வாக்கு குடுத்தீங்க" என்றார். நான் டீமேக்கர் ஐயாவிடம் கேட்கத் தயங்கி நிற்க, கிழவர்களே போய்க் கேட்டார்கள். ஒரு குச்சியில் வைக்கோலைச் சுற்றிக் காமன் என்று ஊன்றி, கும்பிட்டு, ஸ்டோர் அடுப்பில் போட்டு எரித்தார்கள். அண்ணன் கடைசி அடியை அடித்துவிட்டுத் தப்பைத் தலைமாட்டில் வைத்துப் படுத்துக்கொண்டார்.

அப்போதுதான் துரை வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. பெரட்டுக்களத்துக்குப் போய், அங்கே ஆளே இல்லாததையும் பாதை இருந்த இடத்தையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கண்டக்கையா செக்ரோலைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டார். ஒவ்வொருவராக "இருக்கேங்க" என்றார்கள். ஒரு பெயரும் விடுபடவில்லை. துரை தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெரிதாக மூச்சு விட்டார்.

"எல்லாம் மஸ்டர் ஆச்சு. ரொம்ப நல்லது" என்றார் தமிழில்.

தம்பிமார்களே, அங்கே நான் பேசாமல் இருந்திருக்கலாம். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்த நேரம் அது. ஆனால் அந்த நேரத்தில்தான் கேட்க வேண்டும். ஆள் சேர்ந்துவிட்டது என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு, யார் பெயர் கூப்பிடப்படவில்லை என்று ஒருவர் கேட்க வேண்டும். நான் எழுந்து நின்றேன்.

"இல்லைங்க தொரை. இன்னும் இருக்கு" என்றேன்.

செக்ரோலில் இல்லாத பெயர்களை நானே கூப்பிட்டேன். புத்தகம் இல்லை. லயத்தின் முதல் கதவிலிருந்து கடைசிக் கதவு வரை மனதில் நடந்து போனேன். பிள்ளைகள், வேலையை விட்ட கிழவர்கள், கண் தெரியாத தாத்தா, ஊரிலிருந்து விருந்தாக வந்திருந்த ஒருத்தி. என் வாயிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு பெயருக்கும் ஏதோ ஒரு மூலையிலிருந்து பதில் வந்தது. தூங்குகிற பிள்ளைகளுக்குத் தாய்மார் கையைத் தூக்கிக் காட்டினார்கள். துரை தொப்பியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றார்.

கடைசிக் கதவு என்னுடையது. மாரியாயியின் பெயர் செக்ரோலிலேயே இருந்ததால் அவளை முன்பே கூப்பிட்டாகிவிட்டது. பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. எதைச் சொல்லிக் கூப்பிடுவது? அத்தனை பேருக்கு முன்னால் என் நாக்கு மறுபடி ஒட்டிக்கொண்டது. துரை என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

படுத்திருந்த அண்ணன் கண்ணைத் திறக்காமலே, பெரட்டில் பெயர் கூப்பிடுகிற அதே ராகத்தில் கூப்பிட்டார்.

"கங்காணி மக!"

சுவரோரத்தில், கம்பளிக்குள்ளிருந்து மாரியாயி பதில் சொன்னாள்.

"இருக்காங்க!"